பலகையில் பிறக்கும் பேஸ், பெட்டியில் பிறக்கும் பேஸ்

ஸ்பீக்கரின் கூம்பு முன்புறக் காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்புறக் காற்றைத் தளர்த்துகிறது. ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் முன்னலையோடு, அதற்கு நேர் எதிரான பின்னலை ஒன்றும் உண்டு. மூடிய பெட்டி அந்தப் பின்னலையை உள்ளேயே அடைத்துவிடுகிறது. பேஸ் ரிஃப்ளெக்ஸ் எனப்படும் துளைப்பெட்டி அதன் ஆற்றலைக் குழாய் வழியாகத் திருப்பிப் பயன்படுத்திக்கொள்கிறது. பெட்டியே இல்லாமல் ஸ்பீக்கரை ஒரு பலகையில் மட்டும் பொருத்தும் ஓப்பன் பேஃபிள் என்னும் திறந்த பலகையோ அதை அப்படியே அறைக்குள் விட்டுவிடுகிறது.

இதற்குப் பேஸில், அதாவது ஆழ்ந்த தாழ்ஒலியில், பலகை கொடுக்கும் விலை பெரியது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர், அதன் முன் அறையில் வைக்கும் பலகையின் அகலம் ஒரு பொருட்டே அல்ல. பின்னலை பலகையைச் சுற்றி முன்னே வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான வழித்தூர வேறுபாடு 40 செ.மீ. என்று கொண்டால், சுமார் 143 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒவ்வோர் ஆக்டேவுக்கும் (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபல் வீதம் ஒலி குறைந்து, 36 ஹெர்ட்ஸை எட்டும்போது 12 டெசிபல் இழப்பாகிறது. இதை ஈக்வலைசரால் (வேண்டிய அதிர்வெண்களை மட்டும் உயர்த்தும் கருவியால்) ஈடுசெய்ய ஆம்ப்ளிஃபையர் 16 மடங்கு திறன் தர வேண்டும். கூம்பு 4 மடங்கு தூரம் அசைய வேண்டும். பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையர் தாங்கிவிடும், கூம்புதான் முதலில் தன் எல்லையைத் தொடும். பலகை கட்டுவோர் 12, 15 அங்குல ஊஃபர்களை (பேஸுக்கான ஸ்பீக்கர் யூனிட்களை) நாடுவதும், துளைப்பெட்டிக்கென வடிவமைத்த, கியூடிஎஸ் (கூம்பின் அதிர்வு எவ்வளவு தளர்வாக அடங்குகிறது என்பதன் அளவு) மதிப்பு குறைந்த யூனிட்களைத் தவிர்த்து 0.7-ஐ ஒட்டியவற்றைத் தேடுவதும் இதனால்தான்.

ஒரே அளவு ஊஃபரிலிருந்து அதிக ஆழமும் அதிக உரப்பும் வேண்டுமானால் துளைப்பெட்டியே வெல்லும். ஆனால் அதன் ட்யூனிங் அதிர்வெண்ணுக்கு (பெட்டியும் குழாயும் ஒத்ததிரும் அதிர்வெண்ணுக்கு) கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிகிறது. அங்கே கூம்பைத் தாங்கப் பெட்டிக்காற்றும் இல்லை. மூடிய பெட்டியில் அந்தச் சரிவு 12 டெசிபல்தான். சிறிய அறையின் இயல்பான பேஸ் ஏற்றம் அதில் ஒரு பங்கை ஈடுசெய்துவிடும். திறந்த பலகைக்கு இந்தச் சலுகையும் கிடையாது, ஏனெனில் அறைக்காற்றை மொத்தமாக அழுத்த அதனால் இயலாது.

அப்படியிருந்தும் பலகையின் பேஸைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. அதன் ஒலி எட்டு என்ற எண்ணின் வடிவில் முன்னும் பின்னும் மட்டுமே பரவுவதால், பக்கச் சுவர்களுக்கு இடையிலான ஒத்ததிர்வுகள் குறைவாகவே தூண்டப்படுகின்றன. நேர் எதிரே ஒரே உரப்பில் ஒலித்தாலும், அறைக்குள் அது கொட்டும் மொத்த ஆற்றல் எல்லாத் திசையிலும் பரவும் ஸ்பீக்கரினதில் மூன்றில் ஒரு பங்குதான். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி எப்போது தொடங்கி எப்போது ஓய்கிறது என்பது இங்கே தெளிவாகப் பிரிந்து கேட்கும். பல துளைப்பெட்டிகளில் அது ஒரே முழக்கமாக நீண்டுவிடும். பெட்டிச்சுவரின் முனகலும் பலகையில் இல்லை. ஆனாலும் மெல்லிய பலகையை ஊஃபரின் எதிர்விசையே ஆட்டிவிடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

ஒலிப்பொறியாளர் ஸீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், தாம் வடிவமைத்த திறந்த பலகை வகை எல்எக்ஸ்521 ஸ்பீக்கரில் பேஸுக்காகவே பக்கத்துக்கு இரண்டு பத்தங்குல ஊஃபர்களைத் தனிச் சட்டகத்தில் வைத்தார். அவ்வளவு ஏற்பாடு செய்ய இயலாதவருக்கு நான் பரிந்துரைப்பது கலப்பு வழி: சுமார் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் பலகை, அதற்குக் கீழே மூடிய பெட்டியில் ஒரு சப்ஊஃபர். பலகையின் தூய்மையில் சிறிது போனாலும், திரைப்படத்தின் 25 ஹெர்ட்ஸ் உறுமலுக்காகக் கூம்பை வதைக்க வேண்டியதில்லை.

பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் பின்னலை ஏறக்குறைய 6 மில்லிவினாடி தாமதித்து வருவதால் காது அதைத் தனியே பிரித்துணர வாய்ப்புண்டு. அந்த ஒரு மீட்டரை விட்டுக்கொடுக்க முடியாத அறைக்கு மூடிய பெட்டிதான் என் தேர்வு.