லேபிள் இல்லாத "மூட்டு எண்ணெய்": சுங்கை சிப்புட் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

எங்கள் பெண்குதிரை ஈப்போ பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்தது. இப்போது கல்யாண ஊர்வலங்களுக்குப் போகிறது. போன மாதம் அதன் முன்னங்கால் கணுவில் வீக்கம் கண்டது. மறு வாரமே ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடாமல், பட்டணத்தில் தீவனம் விற்கும் ஒரு கடையில் 120 வெள்ளி கொடுத்து அரை லிட்டர் மருந்து வாங்கினேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். லேபிள் கிடையாது.

"மூலிகை எண்ணெய்ண்ணே. வெறுங்கையால தேய்ங்க. கைச் சூடு பட்டாத்தான் மருந்து உள்ள இறங்கும்" என்றார் கடைக்காரர். கையுறை வேண்டாமா என்று கேட்டேன். "என் பிள்ளைக்கே தேய்ச்சிருக்கேன், பயப்படாதீங்க" என்றார்.

தேய்த்தது என் மச்சான். செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பவன். வேலை முடிந்து வந்து, கையை அரைகுறையாக அலம்பிக்கொண்டு, ஈரத்தோடு நேராகக் குதிரையிடம் போய்விட்டான். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "மாமா, பச்சைப் பூண்டு மென்ன மாதிரி வாயெல்லாம் நாறுது. கை வேற எரியுது" என்றான். ராத்திரி தலைவலி, வாந்தி. உள்ளங்கை சிவந்து தடித்துவிட்டது. கிளினிக்குக்கு ஓடினோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" பாட்டிலைக் காட்டினோம், அவ்வளவுதான். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர், பூண்டு என்று சொன்னதுமே பிடித்துவிட்டார். பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னார். உறைந்து கட்டியானது. இது டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு, பெரும்பாலும் கலப்பில்லாதது என்றார். சுத்தமான டிஎம்எஸ்ஓ 18.5 பாகையிலேயே உறைந்துவிடுமாம். மூலிகை எதுவும் இல்லை. மரக்கூழ்த் தொழிலிலிருந்து வரும் ஒரு கரைப்பான். குதிரைக் கால் வீக்கத்துக்கு இது உண்மையிலேயே பயன்படுகிற மருந்துதான், ஆனால் மருந்துத் தரத்தில், அளவோடு.

இதன் குணத்தை அவர் விளக்கியபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தோல் இதைத் தடுக்காது. சில நிமிடங்களில் ரத்தத்தில் கலந்து மூச்சில் பூண்டு வாடையாக வெளியே வரும். போகும்போது தோல்மேல் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடியது. மச்சான் கையில் அன்று என்ன இருந்தது? களைக்கொல்லி. நல்லவேளை, பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. அவர்கள் அடித்தது வேறு மருந்து. ஈரக் கையில் எரிச்சல் வந்ததும் டிஎம்எஸ்ஓவால்தான். தண்ணீரோடு சேர்ந்தால் இது சூடாகும். நான் மருந்துக்கு மேல் பேண்டேஜ் வேறு சுற்றியிருந்தேன். பாவம், குதிரைக்கு அந்த இடத்தில் தோல் கொப்பளித்து முடி உதிர்ந்துவிட்டது.

கடைக்குப் போனேன். பின்கட்டில் நீல டிரம். மேலே தொழிற்சாலைக் கரைப்பான் என்று அச்சடித்திருந்தது, கையுறை அணிந்த கையின் படத்தோடு. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவர் எனக்கு வெறுங்கையால் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. "குதிரைக்குத்தானே கொடுத்தேன், ஆளுக்கா கொடுத்தேன்" என்றார்.

தேய்க்கிறவனும் ஆள்தானே ஐயா.

இப்போது எங்கள் லாயத்தில் நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்காகப் போடுகிறோம். மருந்து பட்டால் உடனே கழற்றி மாற்றுகிறோம். மெல்லிய லேட்டக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம்; டிஎம்எஸ்ஓ அதை ஊடுருவிவிடும். தேய்க்கும் முன்பும் பின்பும் சவுக்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுகிறோம். தோட்டத்தில் மருந்தடித்த உடுப்போடு யாரும் குதிரையைத் தொடுவதில்லை. ஸ்டீராய்டு, ஹார்மோன் மருந்துகளும் தோல் வழியாக ஏறும் என்று மருத்துவர் எச்சரித்தார். வீட்டில் மாசமாக இருக்கும் பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது டப்பாவில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணைத் தேடுங்கள். கால்நடை மருந்தென்றால் எண்களுக்குப் பின்னால் எச் (H) என்ற எழுத்து இருக்கும். உடம்பில் பட்டு ஏதாவது ஆனால் டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள். பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மிச்ச மருந்தைச் சாட்சிக்காக முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். இதே பாட்டிலை நீங்களும் வாங்கியிருந்தால் கொட்டிவிடாதீர்கள், ரசீதோடு எனக்குத் தகவல் சொல்லுங்கள். அந்த டிரம் நேற்றுவரை அதே இடத்தில்தான் இருந்தது.