கம்பத்தைத் தேடுவதா, கருவியை வாங்குவதா?

நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவன். சென்ற கோடையில் 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள்) என் எஸ் மீட்டர் முள், அதாவது வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் முள், வெறும் இரைச்சலிலேயே எட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் கூடும் நண்பர்களின் குரல்கள் ஓர் உறுமலுக்குள் புதைந்துபோயின. சில மாதங்களில் மூன்று வழிகளை முயன்று பார்த்தேன்: இரைச்சல் நீக்கும் கருவி, வளைய ஆண்டெனா, உறுமலின் பிறப்பிடமான மின்கம்பத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைப்பது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

எதையும் வாங்குமுன் ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கோ சார்ஜரோதான், மேலே படிக்க வேண்டியதில்லை. ரேடியோவிலேயே இருக்கும், இரைச்சல் துடிப்புகளை வெட்டிவிடும் நாய்ஸ் பிளாங்கரும் பக்கத்தில் பலமான நிலையம் இல்லாதவரை உதவும்.

நண்பரிடம் இரவல் வாங்கிய இரைச்சல் நீக்கி முதல் நாள் என்னை மயக்கியே விட்டது. இன்னொரு சிறு ஆண்டெனாவில் அதே இரைச்சலைப் பிடித்து, தலைகீழாகத் திருப்பிச் சேர்த்து, இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துவிடுகிறது. குமிழ்களை மயிரிழை அளவாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் மூன்றுக்குச் சரியும். ஆனால் அலைவரிசை சற்று நகர்ந்தால் மறுபடி திருத்த வேண்டும். பேண்ட் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ஒரு நேரத்தில் ஒரு மூலத்தைத்தான் ஒழிக்கும் என்பதால், மாலையில் அக்கம்பக்கத்து விளக்குகள் எரிந்ததும் புதிய இரைச்சல் மேலே வந்துவிடும். இரண்டே வாரத்தில், பேசும் நேரத்தைவிடக் குமிழ் திருப்பும் நேரம் அதிகமாயிற்று. ஒலிபரப்பும்போது கருவி விலகிக்கொள்ளும்படி இணைப்புக் கொடுக்க மறந்தால் அதுவே கருகிவிடும் என்பது தனிக் கவலை.

வளைய ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பி இரைச்சல் வரும் திசையை அடக்கலாம். வானிலிருந்து உயரக் கோணத்தில் இறங்கும் குரல்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. எனக்குப் பத்து நாள் பழக்கம்தான், அதுவும் 40 மீட்டரில் மட்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது ஏற்றது என்று தோன்றுகிறது.

இனி கம்பம். ஒரு மழை நாளில் உறுமல் சட்டென்று நின்றபோதே எனக்குப் பொறி தட்டியது. தளர்ந்த இரும்புகளுக்கு நடுவே பொறி பறக்கும் இடைவெளியை ஈரம் இணைத்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்தப் பொறி நொடிக்கு 100 முறை வெடிப்பதால்தான் அந்த உறுமல். வெயில் திரும்பியதும் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். எல்லாக் கம்பங்களும் ஒன்றுபோலக் கத்தின! மத்திய அலையில் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடும். அலைவரிசை உயர உயரத்தான் மூலம் நெருங்கும். பிறகு பி.வி.சி. குழாயில் மூன்று கம்பி பொருத்திய யாகி (ஒரு திசையைக் கூர்ந்து கேட்கும் ஆண்டெனா) ஒன்றைச் செய்து, 130 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஏ.எம். முறையில் கேட்டேன் (எஃப்.எம். இந்த இரைச்சலை அமுக்கிவிடும், பயன்படாது). ரேஷன் கடையைத் தாண்டி மூன்றாவது கம்பம், 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன். கம்பத்தைத் தட்டுவதோ அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பதோ உயிருக்கே ஆபத்து. தள்ளி நின்று எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

'ரேடியோவில் இரைச்சல்' என்று மின்வாரியத்துக்கு நான் முதலில் எழுதிய மனு ஒரு மாதம் தூங்கியது. இரவில் போய்ப் பார்த்தபோது உச்சியில் நீலப் பொறி தெரிந்தது. கம்ப எண்ணோடு 'இன்சுலேட்டரில் தீப்பொறி' என்று எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாள் ஆட்கள் வந்துவிட்டார்கள். "ரேடியோவுக்காகவா சார் இவ்வளவு அலைந்தீர்கள்?" என்று சிரித்த லைன்மேன், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏறினார். இறங்கியபோது அவர் கையில் கருகிய கட்டுக்கம்பித் துண்டு ஒன்று இருந்தது.

அன்று முதல் முள் இரண்டில் நிற்கிறது. ஆறு மாதமாக ஒரு குமிழையும் தொடவில்லை, எந்த பேண்டுக்குப் போனாலும் அதே அமைதி. எனக்கு வாய்த்தது ஒற்றைக் கம்பம் என்பதையும் சொல்ல வேண்டும். தெரு முழுக்கப் பழைய லைன் என்றாலோ, பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர்தான் மூலம் என்றாலோ இந்தக் கணக்கு மாறும்.

இரவல் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாகியை மட்டும் கழற்றவில்லை. ஆடிக்காற்றில் அடுத்த கம்பம் தளரலாம்.