பொட்டாசியம் 7.6 என்றது ரிப்போர்ட், பெரியவருக்கு இருந்ததோ 4.3

"999 ரூபாய்க்கு 72 டெஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்போம்" என்ற விளம்பரத்தை நம்பி ஒரு குடும்பம் பட்ட பாடு இது. தவறு எங்கே நுழைந்தது என்பதை லேப் வேலை தெரிந்தவர்களாக விளக்குகிறோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

நோயாளிக்கு அறுபது வயதுக்கு மேல். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. காலையில் வந்த இளைஞருக்கு நரம்பு எளிதில் கிடைக்கவில்லை. ஊதா மூடி டியூப் நிரம்பியது, சிவப்பு மூடி டியூபுக்கு ரத்தம் போதவில்லை. வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதா டியூபைத் திறந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார். இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது: பொட்டாசியம் 7.6, கால்சியம் 5.1. லேபிலிருந்து ஒரு போன்கூட இல்லை. இந்த அளவுகள் உண்மையானால் இதயத்துக்கே ஆபத்து என்பதால் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இசிஜி சரியாக இருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.2. அதற்குள் ஒரு ராத்திரி ஐசியூ செலவு ஆகிவிட்டது. லேபில் கேட்டதற்கு, "மெஷின் காட்டியதைத்தான் கொடுத்தோம்" என்றார்கள்.

மெஷின் காட்டியது சரிதான். டியூபுக்குள் அவ்வளவு பொட்டாசியம் இருந்தது, ஆனால் அது பெரியவருடையது அல்ல. ஊதா மூடி டியூபின் உட்சுவரில் இடிடிஏ என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பு பூசப்பட்டிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ரத்தம் சிவப்பு டியூபில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும், கல்லீரல் டெஸ்ட்டில் பார்க்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் குறையும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் அடியோடு இறங்கிய ரிப்போர்ட்டைப் பயிற்சி பெற்ற ஆய்வக நுட்புநர் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வேறு சாம்பிள் கேட்பார். அந்த அளவு உண்மையாகவே இருக்குமோ என்று தோன்றினால் உடனே மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்வார். இங்கே அந்த ஆளே இல்லை.

டியூபுகளுக்கு வரிசை இருப்பதும் இதற்காகத்தான். முதலில் நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அடுத்து பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றவே கூடாது. நீல மூடியில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் திரவம்) என்ற கணக்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் பிடி (PT), ஐஎன்ஆர் (INR) டெஸ்ட்களின் முடிவு தவறும். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கையை மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாலும் பொட்டாசியம் ஏறும். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சி, டியூபில் அழுத்தி அடித்தால் சிவப்பணுக்கள் உடைந்து அதே கோளாறுதான்.

சுகர் டெஸ்ட்டில் தவறு எதிர்ப்பக்கம் போகும். அணுக்களையும் நீர்ப்பகுதியையும் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். காலையில் 130 இருந்தவருக்கு, ஸ்கூட்டர் பெட்டியில் நாலு மணி நேரம் சுற்றிய ரத்தத்தில் 100 பக்கம் வரலாம். "சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது" என்று மாத்திரையைக் குறைத்துக்கொள்பவர் உண்டு. இதைத் தடுக்கச் சாம்பல் மூடி டியூபில் உள்ள ஃபுளோரைடுகூட முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். சுகருக்குச் சாம்பல் மூடி எடுக்கவில்லை என்றால், எத்தனை மணிக்குள் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள்.

"72 டெஸ்ட்" கணக்கையும் பாருங்கள். கொழுப்பில் அளப்பது பெரும்பாலும் மூன்று: மொத்தக் கொலஸ்ட்ரால், எச்டிஎல், டிரைகிளிசரைடு. எல்டிஎல், விஎல்டிஎல், விகிதங்கள் எல்லாம் கால்குலேட்டரில் வருபவை. அவற்றையும் டெஸ்ட்டாக எண்ணித்தான் பட்டியல் நீளுகிறது.

ரிப்போர்ட் உண்மையானதா என்று பார்க்க இந்தக் கணக்கே உங்களுக்கு உதவும். டிரைகிளிசரைடு 400க்குக் கீழ் இருந்தால், அதை ஐந்தால் வகுத்ததையும் எச்டிஎல்லையும் மொத்தத்தில் கழித்தால் எல்டிஎல் வரும். மொத்தம் 210, எச்டிஎல் 42, டிரைகிளிசரைடு 150 என்றால் 138. எல்டிஎல்லை நேரடியாக அளந்திருந்தால் கொஞ்சம் மாறலாம், அது தவறல்ல. வெள்ளணு வகைகளின் சதவீதம் கூட்டினால் 100. ஆல்புமினும் குளோபுலினும் சேர்ந்தால் மொத்தப் புரதம். ஹீமோகுளோபினை பிசிவியால் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) வகுத்து 100ஆல் பெருக்கினால் ரிப்போர்ட்டில் உள்ள எம்சிஎச்சி (MCHC) வரும். மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7 என்றால் சராசரி சுகர் 154. டெஸ்ட் செய்யாமலே ரத்தத்தைக் கொட்டிவிட்டுக் கையால் எண்களைத் தட்டிய ரிப்போர்ட்டில் இவை பல இடங்களில் ஒட்டாது.

சட்டம் இல்லாமல் இல்லை. லேப்களும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இன் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். விதிகள் 2018இல் வந்தன. அந்தப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்திடுபவர் நோய்க்குறியியல் முதுநிலை படித்த, பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. ஸ்கேன் செய்த ஒரே கையெழுத்து பத்து கிளைகளின் ரிப்போர்ட்டிலும் வந்தால், அந்த மருத்துவர் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்று கேட்பதில் தப்பில்லை. ஆய்வக நுட்புநர்களையும் பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021இல் மத்திய சட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த 2 மாதக் கெடு வைக்கும் அளவுக்கு மாநிலங்கள் தாமதித்திருந்தன. இரண்டு வருடம் டிஎம்எல்டி என்ற ஆய்வக நுட்புநர் டிப்ளமோ படித்தவரும் இரண்டு வாரம் ஊசி பிடிக்கப் பழகியவரும் ஒரே சீருடையில் வாசலில் நிற்க அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

லேப்களின் தரத்தைச் சோதித்து என்ஏபிஎல் (NABL) என்ற தேசிய வாரியம் தரும் அங்கீகாரம் கட்டாயமில்லை. இருந்தாலும் எல்லா டெஸ்ட்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதில்லை. எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று என்ஏபிஎல் தளத்திலேயே பட்டியல் கிடைக்கும். தினமும் கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சாம்பிளை வைத்து மெஷினைச் சரிபார்ப்பது) ஓட்டுகிறீர்களா, வேலூர் சிஎம்சி நடத்துவதுபோன்ற வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள். ஒழுங்கான லேப் இதற்குக் கோபப்படாது.

முடிவில் சந்தேகம் வந்தால் அன்றே லேபுக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, "சாம்பிளை அழிக்காதீர்கள்" என்று அனுப்புங்கள். பல இடங்களில் ஓரிரு நாளில் கொட்டிவிடுவார்கள். பில், ரிப்போர்ட், மறுபரிசோதனை முடிவு மூன்றையும் சேர்த்து மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுக்கலாம். ஐசியூ செலவு போன்ற இழப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.