உதகையா, குன்னூரா? குடும்பத்தோடு தங்கவும் உண்ணவும் ஏற்ற இடம்

நீலகிரிக்குக் குடும்பத்தோடு செல்பவர்களில் பலர் அறையை முதலில் பதிவு செய்துவிட்டு, சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் உடன் வரும்போது இந்த முறை சரிப்படாது என்பது என் உறுதியான கருத்து. இரவு எட்டு மணிக் குளிரில், தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு ஸ்வெட்டரும் குல்லாயும் மாட்டி, வளைவுச் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் அழைத்துச் சென்று இட்லி ஊட்டுவது யாருக்கும் சுகமான வேலையன்று. தங்குமிடத்தையும் உணவகத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அந்தக் கணக்கில் முதலில் நிற்பது உதகையின் சேரிங் கிராஸ் பகுதி. கமர்ஷியல் சாலை, 1848இல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்கா ஆகியவை நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. இட்லி, பொங்கல், மதியச் சாப்பாடு என்று நம் வீட்டுப் பெரியவர்களின் வயிற்றுக்குப் பழகிய சைவ உணவு அங்கே காலை முதல் இரவு வரை கிடைக்கிறது. அடையாறு ஆனந்த பவன் அங்கேதான் இருக்கிறது. நாகர் ஓட்டலில் தங்குமிடமும் சைவ உணவகமும் ஒரே வளாகத்தில் அமைந்துள்ளன. மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பக்கம் உள்ள ஷிங்கோஸ், பல பத்தாண்டுகளாக நடக்கும் சீன உணவகம். அசைவம் உண்ணும் குடும்பங்கள் ஒரு வேளையாவது அங்கே செல்லலாம். இப்பகுதியின் குறை இரைச்சல். ஏப்ரல், மே மாதங்களில் ஹாரன் சத்தம் இரவிலும் ஓயாது என்பதால், சாலையைப் பார்த்த அறையைத் தவிர்த்துப் பின்பக்க அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

அமைதி வேண்டும் என்பவர்கள் உதகையை ஒட்டிய பெர்ன்ஹில், லவ்டேல் பக்கம் உள்ள காட்டேஜ்களை நாடுகிறார்கள். யூகலிப்டஸ் மரங்களும் பள்ளத்தாக்குக் காட்சியும் மனத்துக்கு நிறைவு தருபவைதான். ஆனால் அங்கே தங்கினால் மூன்று வேளையும் அந்த விடுதியின் சமையலறையையே நம்பியிருக்க வேண்டும். பல இடங்களில் இரவு உணவை மாலையிலேயே சொல்லிவிடவும் வேண்டும். சமையல் வசதியோடு வீடு கிடைத்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். நகரச் சந்தையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் புதிதாகக் கிடைக்கும்போது, பாட்டி வைக்கும் ஒரு ரசத்துக்கு எந்த ஓட்டலும் ஈடாகாது. நகரை விட்டு அதிகம் விலகாமல் தோட்டம் சூழ்ந்த இடம் வேண்டுமென்றால், செலவைப் பொருட்படுத்தாதவர்களுக்குச் சவாய் ஓட்டல் இருக்கிறது. சிக்கனம் பார்ப்பவர்களுக்கு ஒய்.டபிள்யூ.சி.ஏ. நடத்தும் ஆனந்தகிரி விடுதி இருக்கிறது.

மூன்றாவது குன்னூர். உதகையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகையோ 2,240 மீட்டர். இந்த உயர வேறுபாட்டை முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் முதல் இரவிலேயே உணர்வார்கள். டிசம்பர், ஜனவரியில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி படியும் நாட்களில்கூடக் குன்னூரில் குளிர் தாங்கும்படி இருக்கும். சிம்ஸ் பூங்காவை ஒட்டிய மேல் குன்னூரில் பழைய பங்களாக்கள் பல விடுதிகளாக மாறியிருக்கின்றன. சாப்பாட்டில் உதகை அளவுக்குத் தேர்வு இல்லை. கீழ்க் கடைவீதியின் சைவ ஓட்டல்களும், பெட்போர்டு பக்கத்து உணவகங்களும், அழகான சில கஃபேக்களும் உண்டு. மாலையில் பேக்கரியில் வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட்டைச் சூடாக வாங்கி, பால் தேநீரில் நனைத்துச் சாப்பிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு இங்கே அறிமுகப்படுத்தலாம். ஒரு நாளைக்கு உதகை சென்று வர மலை ரயில் போதும்: வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், முன்பதிவு மட்டும் அவசியம். இக்காரணங்களால், முதியவர்கள் இருக்கும் குடும்பம் மூன்று இரவு தங்குவதாக இருந்தால் குன்னூரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஓரிரவு மட்டும் என்றால் சேரிங் கிராஸ்தான். அக்டோபர், நவம்பர் மாதங்கள் இதற்கு விலக்கு; வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கத்தைக் கடுமையாகத் தாக்கும்போது மலைப்பாதையில் மண் சரிவதும், ரயில் நிறுத்தப்படுவதும் உண்டு.

எந்த இடமானாலும் பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் சிலவற்றைக் கேட்டுவிட வேண்டும். வெந்நீர் நாள் முழுதும் வருமா, காலையில் மட்டுமா? அறைக்குச் செல்ல எத்தனை படிகள்? மலைச்சரிவில் கட்டிய விடுதிகளில் தரைத்தளம் என்று சொல்லப்படும் அறைக்கே முப்பது படிகள் இறங்க வேண்டியிருக்கலாம். புகைப்படத்தில் அது தெரியாது. ஹீட்டருக்கும் கூடுதல் கம்பளிக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். சொந்த வண்டியில் செல்பவர்கள் 2024 மே முதல் நடைமுறையில் உள்ள, நீலகிரிக்குள் நுழைவதற்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸைப் புறப்படும் முன்பே எடுத்துவிட வேண்டும். கோடை நெரிசலில் சமவெளிக்கு இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவது வழக்கம் என்பதால், ஊர் திரும்பும் நாளில் காவல்துறை அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் பையில் இருக்கட்டும்.