வார்ட்ரோப், கட்டில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: தண்ணீர்த் தொட்டி சாம்பிளைக் காட்டி இரண்டு மாதச் சம்பளத்தைச் சுருட்டினார்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. அதே சூட்டில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பத்து அடி படுக்கையறை. அந்த அறைக்கு, அடியில் சாமான் வைக்கிற மாதிரி தூக்கித் திறக்கும் கட்டில், ஸ்லைடிங் கதவு வார்ட்ரோப், மெத்தை. எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். சொன்ன பொருள் ஒன்றுகூட வரவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை, போட்டால் பதிவைத் தூக்க வைத்துவிடுவார்கள். "சொந்த ஃபேக்டரி, உங்க அளவுக்கே செஞ்சு தர்றோம்" என்று ஷோரூமும் ஆன்லைன் ஆர்டருமாக நடத்துகிற ரகம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கவுண்டர் மேல் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீருக்குள் பிளைவுட் துண்டுகள். "மூணு மாசமா தண்ணியிலேயே கெடக்கு மேடம், தொட்டுப் பாருங்க" என்று ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, கையில் கொடுத்தார் கடைக்காரர். வெட்டுவாயில் மெல்லிய அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. உப்பவில்லை, மேலே ஒட்டிய மைக்கா விடவில்லை. "இதே பதினெட்டு எம்.எம். தான் உங்களுக்கும் போடுவோம்." அங்கேயேதான் அவர் சொன்னதை நம்பிவிட்டேன். இதில் கவனியுங்கள், அந்தத் துண்டு அசல். பீனால் பிசின் போட்டு ஒட்டிய நீர் தாங்கும் பிளைவுட் கொதிக்கிற தண்ணீரையே தாங்கும். சாம்பிளில் பொய் இல்லை. அந்தச் சாம்பிளுக்கும் செய்து தருகிற பொருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவ்வளவுதான்.

பில்லில் எழுதியிருப்பது "வார்ட்ரோப், இன்ஜினியர்டு வுட், 1". பிளைவுட்டும் இன்ஜினியர்டு வுட், மரநாரை அழுத்திய எம்.டி.எஃப்.பும் இன்ஜினியர்டு வுட், மரத்துகளைப் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் இன்ஜினியர்டு வுட்தான். அந்த ஒரு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம்.

வந்தது பார்ட்டிகிள் போர்டு. வெளியே பார்த்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கண்ணில் படும் ஓரங்களில் எல்லாம் எட்ஜ் பேண்ட் என்ற மெல்லிய பட்டையை ஒட்டி வெட்டுவாயை மூடிவிடுகிறார்கள். கதவு ஓடுகிற தண்டவாளத்தின் ஸ்க்ரூ ஒன்று லூசாகி, அதைக் கழற்றியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஸ்க்ரூ மரையில் ஒட்டியிருந்தது மர இழை இல்லை, பொடி. பொலபொலவென்று கொட்டியது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பலகை 16 மி.மீ., 18 இல்லை. பின்பலகை வெறும் 3 மி.மீ., அதையும் காடி எடுத்துச் செருகாமல் மேலோடு சின்ன ஆணி அடித்திருக்கிறார்கள். வார்ட்ரோப் கோணாமல் நிற்பதே பின்பலகையால்தான். அது இப்படி இருந்தால் பெட்டி கோணலாகிறது, ஸ்லைடிங் கதவு மேலே ஒட்டியும் கீழே விலகியும் நிற்கிறது. இதற்கு ரோலரை எத்தனை தடவை திருகினாலும் சரியாகாது.

அடுத்து அடிப்பக்கம். தரையில் உட்காருகிற ஓரத்துக்கு எட்ஜ் பேண்டே போடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடம்தானே. ஈரத்துணி போட்டுத் தரையைத் துடைக்கிற ஈரமே அதற்குப் போதும். அழுத்தி வைத்த துகள்கள் தண்ணீர் குடித்ததும் எழும்பும், அவற்றை ஒட்டியிருக்கும் யூரியா பசை விட்டுப்போகும், பலகை தடித்து மைக்கா பிளக்கும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஓரம் திறந்து கிடந்தால் அந்தப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் வாடையும் அதிகம் கிளம்பும். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் கண் எரிகிறது.

ஆழத்திலும் ஏமாற்று. வெளி அளவு 55 செ.மீ. என்று கொடுத்தார்கள். இரண்டு கதவு ஒன்றன்முன் ஒன்றாக ஓட 8 முதல் 10 செ.மீ. போய்விடும். உள்ளே மிஞ்சியது 45. ஹேங்கரே 42, 45 செ.மீ. இருக்கும், சட்டைத் தோள் அதற்கு மேலும் வெளியே வரும். எல்லாவற்றையும் சாய்த்து மாட்ட வேண்டியிருக்கிறது, சாத்தினால் சட்டைக் கை கதவில் சிக்குகிறது. இடம் குறைந்த அறைக்கு ஸ்லைடிங் நல்ல யோசனைதான், ஆனால் வெளி ஆழம் 65 செ.மீ. இல்லாமல் போடவே கூடாது. அளவெடுக்க வந்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆழம் குறைந்தால் பலகை மிச்சம்.

கட்டில் இன்னும் மோசம், இது ஆபத்து. மேல்பலகையைத் தூக்கி நிறுத்தும் கேஸ் சிலிண்டரின் (சமையல் கேஸ் இல்லை, கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துகிற மாதிரி தண்டு) முழு விசையும் பிராக்கெட்டில் உள்ள மூன்று நான்கு சின்ன ஸ்க்ரூவில்தான் விழுகிறது. பின்னால் இரும்புச் சட்டம் இருக்க வேண்டும், அல்லது பலகையைத் துளைத்து மறுபக்கம் நட்டு போட்ட போல்ட் இருக்க வேண்டும். இங்கே பார்ட்டிகிள் போர்டில் வெறும் ஸ்க்ரூ. பிராக்கெட் பிய்த்துக்கொண்டு மெத்தையோடு பலகை சரிந்தது. உள்ளே கை இருந்திருந்தால்?

மெத்தையை "நாற்பது டென்சிட்டி" என்று சொல்லி விற்றார்கள். டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். 190 × 150 × 15 செ.மீ. மெத்தை 0.4275 கனமீட்டர். நாற்பது என்றால் ஃபோம் மட்டுமே 17 கிலோ இருக்க வேண்டும். எடை மெஷினில் உறையோடு பத்தரைக் கிலோ. உறையைக் கழித்தால் டென்சிட்டி இருபத்தைந்துகூடத் தேறாது. நடு முதுகு விழுகிற இடத்தில் பள்ளம் விழாமல் என்ன செய்யும்?

புகார் சொன்னதும் நடந்தது தனிக் கூத்து. முதலில் "கார்பெண்டர் வருவார் மேடம்". ரொம்ப நாள் இழுத்து வந்தார். பிய்ந்த ஓட்டையில் தீக்குச்சியை ஒடித்துச் செருகி, பசை ஊற்றி, அதே ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போனார். திரும்பவும் பிய்ந்தது. பிறகு "மழைக்காலம் மேடம், ஈரம் இருக்கும்". பிறகு "தண்ணி போட்டுத் துடைச்சிருக்கீங்க, அதுக்கு வாரண்டி வராது". தொட்டிக்குள் துண்டைப் போட்டு வைத்திருந்த அதே மனிதர்! அதைக் கேட்டால் "அது வேற குவாலிட்டி மேடம், பில்லுல பிளைவுட்னு எங்க போட்டிருக்கு?" ஆப்பில் பதிந்த புகாருக்குப் பக்கத்தில் "தீர்க்கப்பட்டது" என்று பச்சைக் குறி. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "உங்க அளவுக்குச் செஞ்சது, ரிட்டர்ன் கிடையாது". கடைசியாக வந்த சலுகை: அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதத் தள்ளுபடி. இரண்டு மாதச் சம்பளத்தை வாரிக்கொடுத்தவருக்கு அடுத்த முறையாம்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்.

பில்லில் "இன்ஜினியர்டு வுட்" என்று எழுத விடாதீர்கள். பலகையின் வகை, தரம், கனம், பின்பலகையின் கனம், உள் ஆழம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

மாட்டுவதற்கு முன்பு பலகைகளைப் பாருங்கள். கீல் உட்கார 35 மி.மீ. குழி எடுத்திருப்பார்கள், ஸ்லைடிங் என்றால் ஒயர் போகிற ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை. அங்கே எட்ஜ் பேண்ட் ஒட்ட முடியாது. டார்ச் அடித்தால் அடுக்கா துகளா என்று தெரிந்துவிடும். மாட்டி முடித்தபின் கேட்டால் "பிரிச்சா பொருள் கெட்டுரும்" என்பார்கள்.

அடி ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட், அதற்குக் கீழே பிளாஸ்டிக் கால். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி. சாயாமல் இருக்க மேலே சுவரில் எல் பிராக்கெட்.

மெத்தையை எடை போட்டு வாங்குங்கள். எடை போட விடமாட்டேன் என்றால் வேறு கடை.

கட்டில் பலகையைத் தூக்கி நிறுத்தி, பிராக்கெட் பின்னால் நட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். இதெல்லாம் பார்த்து முடிக்கிறவரை மூன்றில் ஒரு பங்குப் பணமாவது உங்கள் கையில் இருக்கட்டும். "டெலிவரிக்கு முன்னாடி ஃபுல் பேமெண்ட்" என்று கேட்கிற கடையாக இருந்தால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.