ஒரே 88, மூன்று சோதனைகள்: பிள்ளையின் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

"மூணாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். ஐ.க்யூ பார்த்துட்டு வாங்கன்னு ஸ்கூல்ல சொன்னாங்க." சிறப்பாசிரியராக என்னிடம் வரும் அம்மாக்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கும். அதில் 88 என்று ஓர் எண். அந்த 88 எந்தச் சோதனையில் வந்தது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெரும்பாலும் அது பி.கே.டி., அதாவது பினே-காமத். 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உருவாக்கிய சோதனையின் வழிவந்தது. வி.வி. காமத் அதைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். கணக்கு எளிது. ஒவ்வொரு வயதுக்கும் ஆறு கேள்விகள். சின்ன வயதுப் படிகளில் ஒரு சரியான விடைக்கு இரண்டு மாதம். எட்டு வயதுப் பையன் ஆறு வயதுக் கேள்விகள் எல்லாவற்றையும் முடிக்கிறான். அது 72 மாதம். ஏழு வயதுக் கேள்விகளில் நான்கு, எட்டு வயதில் இரண்டு. மேலும் 12 மாதம். ஒன்பது வயதில் ஒன்றும் இல்லை. ஆக மனவயது 84 மாதம், உண்மை வயது 96. வகுத்து நூறால் பெருக்கினால் 87.5, அதாவது 88.

மூன்று வயதிலிருந்தே வைக்கலாம், பெரிய சாமான்கள் வேண்டாம், சீக்கிரம் முடியும். ஆனால் வருவது ஒற்றை எண். பையன் எங்கே தடுக்கி விழுந்தான் என்று அது சொல்லாது.

அங்கேதான் எனக்கு மாலின் சோதனை பிடிக்கும். நாக்பூரில் ஏ.ஜே. மாலின், அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லரின் சோதனையை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றி 1969இல் கொண்டுவந்தது, மிஸிக் என்பார்கள். ஆறு முதல் பதினைந்து வயது வரை. பேச்சுவழிச் சோதனைகள் ஆறு, கையால் செய்பவை ஐந்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். ஒரு பையனின் தாளைச் சொல்கிறேன். வண்ணக் கட்டைகளை அடுக்கி, அட்டையில் உள்ள வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். ஸ்டாப்வாட்ச் ஓடும்போதே முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குக் கை நீட்டுகிறான். அப்புறம் எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் கட்டம். "ஏழு, இரண்டு, ஒன்பது" என்றதைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னால் "ஒன்பது..." என்று நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்க்கிறான். இவனுக்கும் மொத்தம் 88தான் வரக்கூடும். ஆனால் இது மந்தம் அல்ல. கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று வாசிப்பு, எழுத்து, கணக்குச் சோதனைகள் தனியாக வைத்துப் பார்க்கச் சொல்லும் தாள். பள்ளிப் பிரச்சினைக்காகப் போகிறீர்கள், பிள்ளைக்கு ஆறு வயது தாண்டிவிட்டது என்றால், நேரம் அதிகம் பிடித்தாலும் மாலின் வகையையே கேளுங்கள். பிள்ளை களைத்துவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்து வைக்கச் சொல்லலாம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு: சோதனைகளே பழையவை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய பிள்ளைகளோடு இன்றைய பிள்ளையை ஒப்பிடுகிறோம். பழைய அளவுகோலில் மதிப்பெண் கூடுதலாக வருவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் உதவி தேவைப்படும் பிள்ளையே "சரியாகத்தான் இருக்கிறான்" என்று திருப்பி அனுப்பப்படலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை. புதிய வெக்ஸ்லர் பதிப்பின் இந்திய வடிவம் வைத்திருக்கும் இடமும் கட்டணமும் கைக்கு எட்டினால் அதுவே மேல்.

வைன்லேண்ட், அதாவது வி.எஸ்.எம்.எஸ்., வேறு ரகம். இதில் கேள்விகள் பெற்றோருக்கு. பிறப்பிலிருந்து பதினைந்து வயது வரை 89 கேள்விகள்: தானாகச் சாப்பிடுகிறானா, உடுத்துகிறானா, தெருவில் தனியாகப் போய் வருகிறானா. நம் வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஊட்டிவிடுவோம். அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் வீணாகக் குறையும். இன்னொரு பக்கம், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் "எல்லாம் செய்வான்" என்றுவிடுவோம். அறிவுத்திறன் குறைபாட்டுச் சான்றுக்கு 2018இல் மத்திய அரசு தந்த வழிகாட்டுதலில் இந்த மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் குறைபாடு 50 சதவீதம் என்று இருந்தது. 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம்தான். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஒரே ஒரு மதிப்பெண்ணில் உதவி கைநழுவிவிடும். செய்துவிடுவான் என்று நினைப்பதைச் சொல்லாதீர்கள். தினமும் செய்வதைச் சொல்லுங்கள்; பழக்கத்தால் நீங்களே செய்து கொடுப்பது எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு? மனவயதுக் கணக்கு அவர்களுக்கு உதவாது. நாற்பது வயதுக்காரர் இருபதில் இருந்ததைவிட இரண்டு மடங்கு அறிவாளியாகிவிடுவதில்லை. அதனால்தான் நியூயார்க்கில் டேவிட் வெக்ஸ்லர் 1939இல் சம வயதினரோடு ஒப்பிடும் முறைக்குப் போனார். சராசரி 100, மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில். பக்கவாதத்துக்கோ தலைக்காயத்துக்கோ பிறகு நினைவும் வேகமும் எவ்வளவு குறைந்தன என்று பார்க்க அவருடைய பெரியவர் சோதனையைத்தான் கேட்க வேண்டும்.

எதற்குப் போனாலும் அதற்கு முன் பிள்ளையின் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள். வீட்டில் பேசும் மொழி எது என்று முதலிலேயே சொல்லுங்கள். ரிப்போர்ட் வாங்கும்போது மொத்த எண்ணோடு விடாமல், உட்பிரிவு மதிப்பெண்கள் உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.