ஹைஸ்கூல் பேஸ்கெட்பால் ரெஃப்ரிகளுக்கான ரூல்ஸ் கிளினிக்: போகலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்கெட்பாலுக்கு விசில் ஊதுகிறவர்கள், அடுத்த சீசனில் ஊத ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் பகுதி ரெஃப்ரிகள் சங்கம் சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பள்ளி ஜிம்மில் ரூல்ஸ் கிளினிக், அதாவது ரூல்களைச் செய்து பார்க்கும் பயிற்சி வகுப்பு, நடத்துகிறது. கட்டணம் உண்டு, போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இது போக, மாநில அளவில் ஆன்லைனில் நடக்கும் ரூல்ஸ் மீட்டிங் ஒன்று இருக்கிறது, அது கட்டாயம், அதைப் பார்த்துப் பரீட்சை எழுதினால்தான் மேட்ச் தருவார்கள். நான் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரூல் மாறுகிற வருஷத்தில் ஜிம் கிளினிக்குக்குக் கண்டிப்பாகப் போங்கள், பெரிதாக எதுவும் மாறாத வருஷத்தில் உங்கள் இஷ்டம்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. இங்கே பள்ளி விளையாட்டுகளுக்கு ரூல் எழுதுவது இண்டியானாபொலிஸில் இருக்கும் என்.எஃப்.எச்.எஸ். என்ற தேசியக் கூட்டமைப்பு. வசந்த காலத்தில் அதன் பேஸ்கெட்பால் ரூல்ஸ் கமிட்டி கூடும், மே மாதவாக்கில் மாற்றங்கள் அறிவிப்பாக வெளிவரும், இலையுதிர் காலத்தில் ரூல்புக்கும், ரூலைச் சம்பவங்களாக விளக்கும் கேஸ்புக்கும் கைக்கு வரும், நவம்பர் கடைசியில் பார்த்தால் நாம் கோர்ட்டில் நின்றுகொண்டிருப்போம். மே மாதம் படித்த அறிவிப்பு நவம்பரில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? மேட்ச் நடக்கும்போது நின்று யோசிக்கவும் நேரம் கிடையாது. விசில் ஊதியவுடன் கை தானாக ஒரு சிக்னலைக் காட்டிவிடும், வாய் தானாக எதையோ சொல்லிவிடும். பத்து இருபது வருஷமாக ஊதுகிறவர்களுக்கு அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை, ரூல் தெரிவது அதில் பாதிகூட இல்லை.

ஆன்லைன் மீட்டிங் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஸ்லைடில் ரூல் நம்பர் இருக்கும், மாறிய வரியின் கீழே கோடு போட்டிருக்கும், பேசுகிறவர் அதை அப்படியே வாசிப்பார், ஏன் மாற்றினார்கள் என்று ஒரு வரி சொல்வார், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். சொல்வதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்க வழி இல்லை, பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். உடைக்கு அடியில் போடும் டீ-ஷர்ட் என்ன நிறத்தில் இருக்கலாம் என்பதற்கும், ஃபவுலுக்குப் பதிலாக யாரும் தடுக்காமல் கூடையில் எறியக் கொடுக்கும் ஃப்ரீ த்ரோ முறையே அடியோடு மாறுவதற்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இதை மாற்றச் சொல்லிக் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், மற்றவர்களும் எழுத வேண்டும்.

ஜிம் கிளினிக் எவ்வளவு உதவும் என்பது எனக்குப் புரிந்தது 2023-24 சீசனுக்கு முன்னால். அந்த வருஷம் வந்தது சின்ன மாற்றம் இல்லை. அதுவரை ஒவ்வொரு பாதி ஆட்டத்துக்கும் டீம் ஃபவுல்களை, அதாவது ஒரு அணியினர் எல்லோரும் செய்த ஃபவுல்களை, சேர்த்து எண்ணுவோம், ஏழாவது ஃபவுலிலிருந்து ஒன்-அண்ட்-ஒன், அதாவது முதல் ஃப்ரீ த்ரோ உள்ளே போனால்தான் இரண்டாவது கிடைக்கும், பத்தாவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு. இதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு குவார்ட்டருக்கும் தனி எண்ணிக்கை, ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, குவார்ட்டர் முடிந்ததும் மறுபடியும் பூஜ்யம். தமிழ்நாட்டில் பள்ளியிலோ கல்லூரியிலோ ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம், சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபாவின் ரூலில் குவார்ட்டருக்கு நான்கு ஃபவுல் தாண்டினால் இரண்டு ஃப்ரீ த்ரோ என்றுதானே ஆடியிருப்போம். இங்கே கல்லூரிப் பெண்கள் பேஸ்கெட்பாலும் 2015-16லேயே இந்த முறைக்கு வந்துவிட்டது. ஆனால் இந்த ஊர் ஹைஸ்கூல் ரெஃப்ரிக்கு ஒன்-அண்ட்-ஒன் என்பது ரத்தத்தில் ஊறியது.

இதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு மூத்த ரெஃப்ரி. ஸ்லைடு எதுவும் போடவில்லை. பத்துப் பேரை எழுப்பி ஃப்ரீ த்ரோவுக்காக, கூடைக்கு முன்னால் கோடு போட்ட லேனைச் சுற்றி நிற்க வைத்தார், எங்களில் ஒருவரிடம் பந்தைக் கொடுத்து ரெஃப்ரியாக நடத்தச் சொன்னார். அவர் பந்தைக் கையில் வாங்கியதும், நினைத்த மாதிரியே, இரண்டு கையையும் தூக்கி கைக்கொரு விரலைக் காட்டினார், பழைய ஒன்-அண்ட்-ஒன் சிக்னல். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அதைத்தான் செய்திருப்போம். மூத்தவர் மறுபடி செய்யச் சொன்னார். ஒரு கை, இரண்டு விரல், கூடவே வாயால்: "ரெண்டு ஷாட், முதல் ஷாட்டுக்கு அசையாதீங்க." வந்திருந்த ஒவ்வொருவரும் பந்தை வாங்கி, சிக்னல் காட்டி, சத்தமாகச் சொல்லும்வரை அவர் விடவில்லை. அதில் ஒரு காரணமும் இருக்கிறது. ஒன்-அண்ட்-ஒன்னில் முதல் ஷாட் தவறினால் பந்து லைவ், அதாவது ஆட்டம் தொடரும், லேனில் நிற்கும் ஆறு பேரும் ரீபவுண்டுக்கு, திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, பாய்வார்கள். இரண்டு ஷாட்டில் முதலாவதற்கு யாரும் பாயக்கூடாது. ரெஃப்ரி பழக்கதோஷத்தில் வாயில் தப்பாகச் சொன்னால் பசங்கள் முட்டிக்கொண்டு விழுவார்கள். ரீபவுண்டின்போது நடக்கும் முரட்டு ஆட்டத்தையும் காயத்தையும் குறைக்கத்தான் இந்த ரூலையே மாற்றினார்கள். அதை அவர் சொன்ன இடமும் சரி, லேனில் நின்று தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார், எல்லோருக்கும் மண்டையில் ஏறிற்று.

அப்புறம் கேள்விகளாக அடுக்கினார். ஐந்தாவது டீம் ஃபவுல் சார்ஜாக இருந்தால்? பந்து வைத்திருப்பவரே போய் மோதிய ஃபவுல், எண்ணிக்கையில் சேரும், ஃப்ரீ த்ரோ கிடையாது, பந்து எதிரணிக்கு. ஓவர்டைமில்? அது நாலாவது குவார்ட்டரின் தொடர்ச்சி, ஃபவுல் எண்ணிக்கையும் அப்படியே தொடரும், பூஜ்யம் ஆகாது. இந்த ஓவர்டைம் கேள்விக்கு ஜிம்மில் பாதிப் பேர் தப்பாகக் கை தூக்கினார்கள், எல்லோரும் ஆன்லைன் பரீட்சையில் பாஸ் செய்தவர்கள்தான். விஸ்கான்சின், மினசோட்டா மாதிரி பதினெட்டு நிமிஷப் பாதிகளாக ஆடும் மாநிலங்களில் குவார்ட்டரே கிடையாது, அங்கே மேட்ச் எடுப்பவர்கள் அந்த மாநில அமைப்பு என்ன சொல்கிறது என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னார். ஸ்கோர் டேபிள் பற்றியும் பேசினார்: குவார்ட்டர் மாறும்போது போர்டில் ஃபவுலைப் பூஜ்யமாக்கினார்களா என்று பார்ப்பது நம் வேலை, மேட்சுக்கு முன்னால் டேபிளில் உட்காரும் பிள்ளைகளிடம் போய் நாமே சொல்லிவிட வேண்டும்.

எல்லோரும் ஃப்ரீ த்ரோவையே பேசிக்கொண்டிருந்தார்கள், ஆனால் என்னைக் கேட்டால் அந்த வருஷத்தின் கஷ்டமான மாற்றம் த்ரோ-இன் இடம்தான், அதாவது நின்ற ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறியும் இடம். முன்பு ஃபவுலோ வயலேஷனோ (ஃபவுல் அல்லாத விதிமீறல்) நடந்த இடத்துக்கு எது பக்கமோ அங்கே பந்தைக் கொடுத்துவிடுவோம். இப்போது, ஒரு அணி தன் ஃப்ரன்ட்கோர்ட்டில், அதாவது தான் கூடை போடும் பாதியில், பந்தைப் பெற்றாலும் தக்கவைத்தாலும் த்ரோ-இன் நாலே இடத்தில் ஒன்றில்தான்: இரண்டு சைடுலைனிலும் எண்ட்லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) இருபத்தெட்டு அடியில் உள்ள குறி, அல்லது எண்ட்லைனில் லேனுக்கு மூன்று அடி வெளியே இரண்டு பக்கமும். விதிவிலக்கு ஒன்று: தடுக்கிற அணி பந்தை வெளியே தட்டிவிட்டால், வெளியே போன இடத்திலேயே கொடுக்க வேண்டும். மற்றப் பாதியான பேக்கோர்ட்டில் பழைய முறைதான்.

படிக்கும்போது சுலபம். ஓடிக்கொண்டே செய்து பாருங்கள். கிளினிக்கில் நாலு இடத்திலும் நீல டேப் ஒட்டி வைத்திருந்தார்கள், சில ஜிம்களில் பெஞ்ச் பக்கம்தான் குறி இருக்கும், எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்காது என்பதால் அது நல்ல யோசனை. எண்பத்துநான்கு அடி கோர்ட்டில் நடுக்கோடு நாற்பத்திரண்டில், ஆகவே இந்தக் குறி நடுக்கோட்டிலிருந்து பதினான்கு அடி உள்ளே; குறி இல்லாத ஜிம்மில் கண்ணால் அளக்க இந்தக் கணக்கு போதும் என்றார். பிறகு ஆட்டம். கேஸ்புக்கில் வருவது மாதிரி ஏ அணி, பி அணி. ஏ அணியின் ஆட்டக்காரர் ஏ3 விங்கில், அதாவது கோர்ட்டின் பக்கவாட்டில், பந்தோடு நிற்கிறார், பி அணியின் பி2 அவர் கையில் அடிக்கிறார், பி அணிக்கு அந்தக் குவார்ட்டரில் மூன்றாவது ஃபவுல். விசில். எங்கே த்ரோ-இன்? இருபத்தெட்டு அடிக் குறியில். சரி, அதே இடம், அதே ஆட்கள், இந்தத் தடவை பி2 பந்தை மட்டும் தட்டி மூலையருகே சைடுலைனுக்கு வெளியே போகிறது. எங்கே? மூலையருகேதான், குறிக்குப் போகக் கூடாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து, இடைவெளி விடாமல், மாற்றி மாற்றி செய்ய வைத்தார். முதலில் எல்லோரும் திணறினார்கள், பிறகு விசில் ஊதும்போதே விரல் சரியான இடத்தைக் காட்ட ஆரம்பித்தது. எந்த ஸ்லைடும் இதைச் செய்துவிட முடியாது. இந்த ஒரு பகுதிக்காகவே கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

மற்ற மாற்றங்களை வேகமாகத் தாண்டினார்கள், அதுவும் சரிதான். தகுந்த காரணம் இல்லாமல் கோர்ட்டுக்கு வெளியே போனாலே வயலேஷன் என்பது போய், திரும்பி வந்து முதல் ஆளாகப் பந்தைத் தொட்டாலோ, வேறொரு வயலேஷனைத் தவிர்க்கவே வெளியே போயிருந்தாலோதான் வயலேஷன் என்று ஆனது. தப்பான அணிக்கு த்ரோ-இன் கொடுத்துவிட்டால், பந்து லைவ் ஆன பிறகும் அடுத்த டெட் பால் வருவதற்குள், அதாவது ஆட்டம் நிற்பதற்குள், பந்து எதிரணி கைக்கு மாறாமல் இருந்தால், திருத்திக்கொள்ளலாம். இந்தக் கடைசி ரூல் இளம் ரெஃப்ரிகளுக்குப் பெரிய நிம்மதி.

2024-25ல் வந்த முக்கியமான விஷயம் ஃபவுல் வாங்கியதாக நடிப்பது. முன்பு நேரடியாக டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக்காகக் கொடுக்கும் தண்டனை) என்று இருந்தது, ஒரு பள்ளிப் பையனுக்கு அதற்காக டெக்னிக்கல் கொடுக்க யாருக்கும் மனசு வராது, அதனால் கண்டும் காணாமல் போவோம். இப்போது அந்த அணிக்கு முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை அதே அணியில் யார் செய்தாலும் டீம் டெக்னிக்கல். கிளினிக்கில் இதற்கு வீடியோ காட்டினார்கள், ஆனால் வீடியோ தேர்வு சரியில்லை. எல்லாமே யாருக்கும் சந்தேகம் வராத அப்பட்டமான நடிப்பு. உண்மையில் நமக்குக் கஷ்டம், கொஞ்சம் இடி பட்டு நிறைய விழுகிற ஆட்டக்காரர்தான், அதற்கு ஒரு கிளிப்கூட இல்லை. கேட்டபோது "அது உங்கள் தீர்மானம்" என்று முடித்துவிட்டார்கள். அந்த வருஷக் கிளினிக் எனக்குப் பாதி திருப்திதான்.

வேறு குறைகளும் உண்டு. ஜிம்மில் எதிரொலி, மைக் கிடையாது, பின்னால் நின்றால் ஒன்றும் கேட்காது, அதனால் சீக்கிரம் போய் முன்னால் நில்லுங்கள். கையில் எடுத்துக்கொண்டு போக ஒரு பக்கத் தாள்கூடத் தருவதில்லை. எல்லாப் பயிற்சியும் மூன்று ரெஃப்ரி குழுவை வைத்தே நடக்கிறது, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் ஜூனியர் மேட்ச்கள் பெரும்பாலும் இரண்டு பேர் குழு. த்ரோ-இன் இடம் மாறும்போது இரண்டு பேரில் யார் எங்கே நகர வேண்டும் என்பதை யாரும் காட்டவில்லை, புது ஆட்களுக்கு அதுதான் முதல் தேவை.

புத்தகங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். கூட்டமைப்பின் ரூல்புக் கட்டாயம் வேண்டும், ஆனால் மாற்றத்தைப் புரிந்துகொள்ள கேஸ்புக்தான் உதவும், ஏனென்றால் அதில் ரூல் ஒரு சம்பவமாக வருகிறது. படம் போட்டு விளக்கும் தனிப் பதிப்பும் வைத்திருக்கிறார்கள், முதல் வருஷ ரெஃப்ரிக்கு நல்லது, அனுபவஸ்தர்களுக்கு அவசியமில்லை. புதிய கேஸ்புக்கை கிளினிக்குக்கு முன்னால் ஒரு தடவை புரட்டிவிட்டுப் போனால் அங்கே கேட்கக் கேள்வி இருக்கும்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் 2023 கிளினிக்குக்கு நாலரை, 2024க்கு மூன்று, ஆன்லைன் மீட்டிங்குக்கு ஒன்றரை. அடுத்த கிளினிக் அமைப்பாளர்களுக்கு நான் அனுப்பியிருக்கும் கோரிக்கை மூன்று: மைக் வையுங்கள், இரண்டு பேர் குழுவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஸ்கோர் டேபிளில் உட்காரும் மாணவர்களையும் கூப்பிடுங்கள். மூன்றாவதற்கு மட்டும் சரி என்று பதில் வந்திருக்கிறது.